ரெண்டு நாள் வேலைதான், தம்பி

கும்பகோணம் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைச் சரிசெய்யப்போகிறேன் என்றதும், வந்து பார்த்தவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்த மாதிரி ஒன்றையே பேசினார்கள். முதலில் ரேழித் தூணைத் தட்டிப் பார்த்து, "அந்தக் கால மரம்ப்பா, இப்ப கோடி குடுத்தாலும் கிடைக்காது" என்பார்கள். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேசாம இடிச்சுட்டுத் தளம் போட்டுடு" என்பார்கள். சித்தப்பா ஒருபடி மேலே போய், இடிக்கிற அன்றைக்குத் தனக்குச் சொல்லியனுப்பினால் தூணுக்கு வண்டி கொண்டுவருவதாகச் சொன்னார்.

கொத்தனார் பெரியவர். சுவரைத் தட்டினார், நகத்தால் சுரண்டினார், "ரெண்டு நாள் வேலைதான், தம்பி" என்றார். அதில் ஒரு நாள் சித்திரையில் வந்தது. அடுத்தது, ஆடியில் ஆகாது, ஆவணியில் முகூர்த்தம் அதிகம் என்று நகர்ந்து நகர்ந்து புரட்டாசியில் வந்து சேர்ந்தது.

சுவரின் கதை வேறு. எப்போதோ யாரோ சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்புப் பூத்துப் பொரிந்து அப்பளம் அப்பளமாக விழுந்துகொண்டிருந்தது. மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்றார் கொத்தனார். சுண்ணாம்பு நீர்க்க ஒரு குழி. குழைக்க, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயைக் கிலோக்கணக்கில் கேட்டதும் கடைக்காரர் தராசை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல யாருக்குங்க? இவ்வளவு நாளா போகலையா?" குரலில் நிஜமான கவலை. சுவருக்கு என்றேன். கவலை கூடியது.

வெல்லத்தைப் பார்த்து அம்மாவுக்கு வயிறு எரிந்தது. "உங்கப்பா இருந்தவரைக்கும் பொங்கலுக்கே அரைக்கிலோதான்" என்றாள். எறும்புகளுக்கு அப்படி வருத்தம் எதுவும் இல்லை. ஊர் எறும்பெல்லாம் எங்கள் கொல்லையில்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்ல இறுகும், அதற்கு அவசரமே கிடையாது. கொத்தனாருக்கும் அப்படியே.

கூரையில் நாட்டு ஓட்டைப் பிரித்து மங்களூர் ஓடு மேய்ந்தோம். 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பாசல் மிஷன்காரர்கள் எங்கள் ஊர்க் குரங்குகளைக் கலந்துகொள்ளவில்லை என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்தது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்றாள் மனைவி. கண்ணாடிப் பலகைமேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்வது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். பதிக்க வந்தவர் ரசமட்டத்தை வைத்தார். உள்ளிருந்த குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய் நின்றதுதான், திரும்பவே இல்லை. "சார், இந்த வீட்ல எதுவுமே மட்டமில்ல" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அலமாரி. நிலைவாசல் உயரம் ஐந்தேகால் அடி. குனிந்து வரட்டும் என்று தாத்தா வைத்தது. மனிதர்கள் நெற்றியில் இடித்துக்கொண்டாவது பழகிவிட்டார்கள், ஏழடி அலமாரிக்குக் குனியத் தெரியவில்லை. புது ஓட்டின் ஒரு வரிசையைப் பிரித்து, கயிறு கட்டி, முற்றத்தின் வழியாக இறக்கினோம். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் இருந்தபடியே "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று மேற்பார்வை பார்த்தார். அலமாரியை மூலையில் நிறுத்தினால் ஒரு பக்கம் சுவரில் ஒட்டுகிறது, மறுபக்கம் துடைப்பம் நுழையும் அளவு இடைவெளி.

ஆசாரி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். "என் வேலை சுத்தம். சுவருதான் கோணல். கொஞ்சம் செதுக்கிடலாம்" என்றார்.

சாரத்தின்மேல் இருந்த கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பா எழுப்பின சுவரு அது. உன் பெட்டியச் செதுக்கு."

இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. தனித்தனியாகப் போன் செய்து, மற்றவர் வராத நாளாகச் சொல்லச் சொல்கிறார்கள். துணியெல்லாம் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது.