ஒன்றாம் வகுப்பு முறையீட்டியல்

கேள், மாணாக்க. தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பைக் கையேற்கப் போகிறாய். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்தையும் கற்பிக்கும் வழி உனக்குச் சொல்லப்பட்டிருக்கும். அவற்றுள் ஓர் எழுத்தைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் முதுகுப் புறத்தே எழும் குரலைப் பற்றி ஒருவரும் சொல்லியிரார். அக்குரலுக்கு முறையீடு என்று பெயர். அதனை ஆராயும் துறை முறையீட்டியல்.

ஐந்தாறு அகவையுடைய ஒருவர், தம்மையொத்த பிறிதொருவர் செய்ததையோ, செய்யாததையோ, செய்யக்கூடும் எனத் தமக்குத் தோன்றியதையோ, வினவப்படாமலே ஆசிரியரிடம் எடுத்துரைப்பது முறையீடு. அதற்கு உறுப்பு நான்கு: விளி, எதிராளி, குற்றம், நிற்றல். முதல் மூன்றுள் எது குறைந்தாலும் முறையீடு கெடாது. சொல்லி முடித்தபின் ஆசிரியரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பதாகிய நிற்றல் குறைந்தால் மட்டும் அது வெறும் செய்தியாகிவிடும்.

விளி பற்றி ஒரு சொல். விரைவு கருதி ஒரு சொல்லை மும்முறைக்கு மேல் அடுக்கலாகாது, இசை கருதினால் நான்கு வரை செல்லலாம் என்று தொல்காப்பியர் வரம்பு கட்டினார். ஒன்றாம் வகுப்பின் விளி, "டீச்சர் டீச்சர் டீச்சர் டீச்சர் டீச்சர்" என்று ஐந்தில்தான் தொடங்குகிறது. இது வழு அன்று. முதல் மூன்றும் ஆசிரியரைத் திருப்புவதற்கு. நான்காவது, அதே நேரத்தில் கை உயர்த்திய அடுத்தவரை முந்துவதற்கு. ஐந்தாவது, சொல்ல வந்தது என்ன என்று நினைவுகூர்வதற்கு. ஆறாவது வந்தால் நினைவு வரவில்லை என்று கொள்க.

இனி வகை. குற்றம் பற்றி முறையீடு எட்டாகும்.

முதலாவது தொடு முறையீடு. கிள்ளல், தள்ளல், பின்னலை இழுத்தல், பையை மிதித்தல் என்பன இதன்பாற்படும். எல்லா ஊரிலும் எல்லா நாளும் உள்ளது. ஆய்வாளர் இதில் பொழுதைப் போக்க வேண்டா.

இரண்டாவது நோக்கு முறையீடு. "டீச்சர், இவன் என்னயே பாக்குறான்" என்பது இதன் மூலவடிவம். இது மூவகைப்படும். எதிராளி உண்மையிலேயே பார்த்தால் நேர்நோக்கு. எதிராளி அப்பக்கத்துச் சாளரத்தில் அமர்ந்த காக்கையைப் பார்க்க, இடையில் முறையீட்டாளர் இருந்துவிட்டால் ஊடுநோக்கு. மூன்றாவது பாராநோக்கு: "இவ என்னப் பாக்கவே மாட்டேங்கிறா டீச்சர்." முன்னிரண்டுக்கும் தீர்ப்பு எளிது. பாராநோக்கில் அழுகை கலந்திருக்குமாதலின் விரைந்து தீர்க்க. எதிராளியைப் பார்க்கச் சொன்னால் போதும். அடுத்த நொடியே அது நேர்நோக்கு முறையீடாகத் திரும்பி வரும் என்பதையும் அறிந்து வைத்துக்கொள்.

மூன்றாவது சொல் முறையீடு. எதிராளி தகாச் சொல் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அச்சொல்லை உரக்கச் சொல்லுதல் தானும் குற்றமாகிவிடும் என்று முறையீட்டாளர் அஞ்சுவதால், ஆசிரியர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். வாயைக் காதோடு ஒட்டி, கையால் மறைத்து, வெம்மூச்சுப் பட, நெடுநேரம் எண்ணிப் பார்த்தபின் அச்சொல் வெளிப்படும். எமக்குக் கிடைத்த பதிவுகளுள் மிகக் கொடியது "பூசணிக்கா." முறையீட்டாளர் உடல் நடுங்கிற்று. இச்சொல்லைக் கேட்டு ஆசிரியர் நகுதல் தீர்ப்புக்கு இழுக்கு. நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கே என்று மெய்ப்பாட்டியல் கூறும். பூசணிக்காய் அவற்றுள் இல்லை.

நான்காவது பொருள் முறையீடு. இது பெரிது, பொறுமையோடு கேள். கரிக்கோல், அழிப்பான், கூராக்கி என்னும் மூன்றும் இதன் நிலைக்களன். குழந்தைகள் வழக்கில் இவை பென்சில், ரப்பர், ஷார்ப்னர். கவர்தல், குறுக்கல், மீட்டல் என உட்பிரிவு மூன்று. கவர்தலாவது எடுத்துக்கொள்ளுதல். குறுக்கலாவது கடன் வாங்கி, சீவிச் சீவி, சிறிதாக்கித் தருதல். மீட்டல் வியப்பானது: "நான் அவளுக்கே வச்சுக்கோன்னு குடுத்தேன் டீச்சர், திருப்பிக் குடுக்குறா." பெற்றதைத் திருப்பித் தருவது குற்றமாகக் கருதப்படுவது, யாம் அறிந்தவரை, இம்மன்றில் மட்டுமே.

பொருள் முறையீட்டில் சான்று ஆராயும் முறைக்கு ஒரு வழக்கைக் காட்டுவாம். கடையில் வாங்கும்போது ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த நீளமுடைய கரிக்கோல் அன்று கட்டைவிரல் அளவே எஞ்சியிருந்தது. இருமுனையும் சீவப்பட்டு, நடுவே மட்டும் சிவப்பு வண்ணம் திட்டாய் ஒட்டிக்கொண்டு, மரம் வெளியே தெரிந்தது. அதன் மேல் பற்குறி. இரு பள்ளம், நடுவே ஓர் இடைவெளி, மறுபடியும் இரு பள்ளம். "இது என் பல்லு டீச்சர்" என்று ஒருவன் அதைக் கவ்விக் காட்டினான். விழுந்த முன்பல்லின் வெற்றிடமும் கரிக்கோலின் இடைவெளியும் ஒன்றோடொன்று பொருந்தின. வழக்கு முடிந்தது என்று எண்ணற்க. எதிராளியும் வாங்கிக் கவ்வினான். அவனுக்கும் அதே பல் அதே கிழமையில் விழுந்திருந்தது. பொருந்திற்று. சூழ நின்றோர் பலரும் தத்தம் வாயைத் திறந்து காட்டித் தாமும் உரிமை கோரினர். ஆறு அகவையில் முன்பல் விழுவது இயற்கையாதலின், ஒன்றாம் வகுப்பில் பற்குறி சான்றாகாது என்பது இவ்வழக்கால் நிறுவப்பட்டது. கரிக்கோலை ஆசிரியர் தம் மேசையறையில் வைத்தார். பிற்பகல் இருவரும் மூன்றாமவனுடைய கரிக்கோலைக் கொண்டு எழுதிக்கொண்டிருந்தனர். மூன்றாமவன் எழுந்து, "டீச்சர் டீச்சர் டீச்சர் டீச்சர் டீச்சர்" என்றான்.

ஐந்தாவது இட முறையீடு. அரசு பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னும் முறையில், 1 முதல் 3ஆம் வகுப்பு வரை உள்ளோரைக் கற்றல் நிலை நோக்கி அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுப்பர். ஆசிரியர்க்கு வழிகாட்டியாக வகுத்த இப்பெயர்களைச் சிறார் தம் குலப்பெயராகவே கொண்டுவிட்டனர். "இவன் அரும்பு டீச்சர், மலர்ல வந்து உக்காந்துட்டான்" என்பது எடுத்துக்காட்டு. மொட்டு ஆகாமலே மலர்தல் செடிகொடிக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்து, எதிராளியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்க. அவர் அங்கே வந்தது அக்காவின் அருகே உட்கார என்பது பின்னர்த் தெரிய வரும். தெரிந்தால், தீர்ப்பைப் பையத் திருத்துக.

ஆறாவது பிரிவு முறையீடு. "என்கூட காய் விட்டுட்டா டீச்சர்." காய், பழம் என்னும் இரு துறைச்சொல்லும் தூய தமிழாக அமைந்தமை இத்துறையார்க்குப் பெருமை. காய் பழமாவதற்கு வேண்டும் பொழுது, தோட்டத்தில் பல நாள்; வகுப்பில், நண்பகல் உணவுக்கு மணி அடிக்கும் வரை. ஆதலின் 11 மணிக்கு மேல் வரும் பிரிவு முறையீடுகளை விசாரிக்க வேண்டா, தள்ளி வைக்க.

ஏழாவது பிறர்க்குரிய முறையீடு. தமக்கு ஒன்றும் நேராதபோது மற்றவர்க்காக முறையிடுதல். கீழே விழுந்து முழங்கால் தோலுரிந்தவனை இழுத்து வந்து, "இவன் அழவே மாட்டேங்கிறான் டீச்சர்" என்று அவனுக்காகத் தான் அழுதவள் உண்டு. இதனினும் நுண்ணியது முட்டை வழக்கு. "டீச்சர், இவன் முட்டையத் திங்காம பைக்குள்ள வைக்கிறான்." வினவியபோது எதிராளி, "பாப்பாவுக்கு" என்றான். வீட்டில் தங்கை. முறையீட்டாளன் சற்று நேரம் நின்றான். பின் தன் தட்டிலிருந்த முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அதே பைக்குள் போட்டான். வழக்கு அன்றோடு முடியவில்லை. மறுநாள் காலை உணவின்போது, பக்கத்துப் பை நாறுகிறது என்று மூன்றாமவள் முறையிட்டாள். திறந்து பார்த்ததில் பாதி முட்டை மட்டும் இருந்தது. பாப்பா ஒரு முட்டைதான் தின்றாளாம்.

எட்டாவது வெறு முறையீடு. விளி உண்டு, நிற்றல் உண்டு, எதிராளியும் இல்லை, குற்றமும் இல்லை. "டீச்சர்." "என்னப்பா?" "ஒண்ணுமில்ல." பொருளின்றி நிற்கும் சொல்லை அசைநிலை என்று இலக்கணம் கூறுமாதலின், இதனை அசைநிலை முறையீடு என்பாரும் உளர். அது பொருந்தாது. அசைநிலைச் சொல்லை நீக்கினால் பொருள் குறையாது. இங்கோ, போய் உட்கார் என்று உடனே அனுப்பினால், அரை நாழிகைக்குள் அதே குழந்தை தொடு முறையீட்டில் எதிராளியாக வந்து நிற்கும். முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்க விடுக. ஆசிரியர் முதல்நாள் விடுப்பில் இருந்திருந்தால் இவ்வகை மிகும், சில பொழுது, "நேத்து நீங்க ஏன் வரல?" என்று குற்றமும் எதிராளியும் ஒருங்கே வெளிப்படும். அப்போது தீர்ப்பளிக்கும் உரிமை ஆசிரியர்க்கு இல்லை.

இனி எதிராளியின் விடை. விடை எட்டு என்றார் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார். "ஏன் கிள்ளினாய்?" என்னும் வினாவுக்கு "அவன் மட்டும் கிள்ளலியா?" என்பது வினா எதிர் வினாதல். "எனக்குக் கை வலிக்குது டீச்சர்" என்பது உற்றது உரைத்தல். ஏனைய ஆறும் இவ்வாறே வரும், நீயே கண்டுகொள்க. ஆயின் ஒன்பதாவது ஒன்று உண்டு. "எங்க வீட்டு ஆடு குட்டி போட்டுருக்கு டீச்சர்." வினாவை மறுக்காமலும் ஏற்காமலும் அதனை உலகிலிருந்தே நீக்கிவிடும் இதற்கு வழக்கறு விடை எனப் பெயரிட்டோம். இதன் ஆற்றலாவது: கிள்ளப்பட்டவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன குட்டி?" என்பான். மூன்று என்று விடை வரும். ஒன்றின் நிறம் கேட்கப்படும். வகுப்பு முழுவதும் எழுந்து வந்து சூழும். அந்நிலையில் கிள்ளலை நினைவூட்டும் ஆசிரியர் பட்டறிவு இல்லாதவர்.

தீர்ப்பு ஒன்றே. "சரி, நான் பாத்துக்கறேன், போய் உக்காரு." எட்டு வகைக்கும் இது பொருந்தும். என்ன பார்த்துக்கொள்ளப்படும் என்று இதுகாறும் எந்த முறையீட்டாளரும் வினவியது இல்லை.

இரண்டாம் வகுப்பு முறையீடுகளையும் இந்நூலில் சேர்க்குமாறு சிலர் வேண்டினர். அவற்றை முழுதும் ஆராய்ந்தோம். அவற்றில் பெரும்பாலும் உண்மையான குற்றம் ஒன்று இருக்கிறது. ஆதலின் அவை இத்துறைக்கு உரியன அல்ல.