வாசல் காக்கும் வள்ளல்

தன் வாசலில் என்ன கோலம் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தொல்லை விண்டோஸ் பயனருக்கு வெகுகாலம் இருந்ததில்லை. மைக்ரோசாஃப்டே போட்டுத் தந்துவிடும், அழிக்கவும் விடாது. இப்படியொரு பரோபகாரியை எந்த வாயால் புகழ்வது!

எக்ஸ்பி காலத்தில் அந்த வாசலான லாகின் திரை 'லாகான்யூஐ' என்ற ஃபைலுக்குள் இருந்தது. ஆசைப்பட்டவர்கள் அதைத் திறந்து படத்தை மாற்றி, பழையதன் மேல் வைப்பார்கள். விண்டோஸ் ஓசைப்படாமல் தன் அசல் ஃபைலைக் கொண்டுவந்து திரும்ப அங்கேயே வைத்துவிடும். என்ன பொறுப்பு!

2009இல் வந்த விண்டோஸ் 7இன் தாராளத்துக்கு மட்டும் ஈடே இல்லை. அதில் மாற்றிக்கொள்ள வழியே இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் முத்திரையைப் பதிக்க வைத்த வழிதான். நமக்கும் மிச்சம் மீதி கிடைத்தது. ரெஜிஸ்ட்ரிக்குள் போய் 'ஓஇஎம்பேக்கிரவுண்ட்' என்பதை 1 ஆக்க வேண்டும். பிறகு சிஸ்டம்32இன் அடியில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் திறந்து, சொன்ன இடத்தில், சொன்ன பெயரில் ஒரு ஜேபெக் படத்தை வைக்க வேண்டும். இவ்வளவுதான், குழந்தைகூடச் செய்துவிடும். படம் 256 கேபிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. தனக்கென்று டிஸ்க்கில் குறைந்தது 16 ஜிபி கேட்ட மென்பொருள், நம் படம் என்றதும் காட்டிய சிக்கனத்தைப் பாருங்கள். அளவு மீறினாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசாது. எர்ரர் என்று ஒரு வரிகூடக் காட்டாமல் தன் நீலப் படத்தையே மறுபடி போடும். அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்ற பண்பு.

விண்டோஸ் 10இன் லாகின் திரையில் வந்த ஜன்னல் படத்துக்காக நிஜப் புகையும் லேசரும் வைத்து ஸ்டுடியோவில் படம்பிடித்தார்கள். அத்தனை பாடுபட்டதை நாம் மாற்றினால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அதனால்தான் அதற்குப் பதில் நம் படத்தை வைக்க, 2016 ஆகஸ்ட் வரை செட்டிங்ஸில் வழியே வைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், சிலருடைய லாக் ஸ்கிரீனில் டூம் ரெய்டர் விளையாட்டின் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. வந்தாரை வாழவைக்கும் மனசு!

ஆபீஸின் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே லாக் ஸ்கிரீன் படத்தைக் கட்டாயமாக்கும் பாலிசி எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான். காசு கொடுத்து 'ப்ரோ' வாங்கிய சிறு ஆபீஸ்காரருக்கு அந்தச் சுமையும் வேண்டாமென்று இறக்கிவிட்டார்கள்.

படத்துக்கு இவ்வளவு காவல் போட்ட இதே கம்பெனியின் விண்டோஸ் 98, வாங்கி வந்தபடியே இருந்தால், பாஸ்வேர்டு பெட்டியில் எஸ்கேப் அழுத்தியவரை யார் எவர் என்று கேட்காமல் உள்ளே விட்டது.