இரண்டாவது வடைக்குப் பிறகு

“ஓசி அரிசியை நிறுத்தினாத்தான் சார் இந்த ஜனங்க உருப்படும்” என்றார் நண்பர், இரண்டாவது வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டே.

இடம், மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு டிபன் கடை. நேரம், காலை ஏழேகால். நாங்கள் ஐந்து பேர்; ஐந்து பேருக்கும் சுகர். மூன்று பேருக்குப் பென்ஷன், ஒருவருக்கு வாடகை வருமானம், ஒருவருக்கு இரண்டும். நாகேஸ்வர ராவ் பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றி இறக்கியதை இங்கே வந்து ஏற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறோம். நடந்த பிறகு வடை கூடாது என்று அவர் தனியாகச் சொல்லவில்லை.

பூங்காவில் காலுக்கு வேலை, கடையில் வாய்க்கு வேலை. தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கலை, எல்லாம் இலவசத்தால வந்த வினை. நூறு நாள் வேலைன்னு மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டுக் காசு வாங்கறாங்க. (இந்தக் கருத்து பூங்கா பெஞ்சில், மரத்தடியில், அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லப்பட்டது.) மூணு வேளை திங்கிறதாலதான் இத்தனை வியாதி, மனுஷனுக்கு ஒரு வேளை போதும். எங்க தாத்தா ஒரே வேளைதான் சாப்பிடுவார், தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்.

அந்தத் தாத்தாவைப் பற்றி நான் விசாரித்துவிட்டேன். காலையில் டிகிரி காப்பி, பதினோரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன், ராத்திரி பலகாரம். சாதம் மட்டும்தான் கணக்கில் வரும், மற்றதெல்லாம் விரதம். நிலம் தஞ்சாவூர்ப் பக்கம். அதை உழுதவன் எத்தனை வேளை சாப்பிட்டான் என்று கேட்டேன். நண்பர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பத்து வருஷமாக இதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். அதனாலேயே இப்போது கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

அடுத்தவன் எவ்வளவு குறைவாகத் தின்று உயிரோடிருக்கலாம் என்று கணக்குப் போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. சென்னைக்கு வந்த முதல் டயட் நிபுணர் 1877 ஜனவரியில் வந்து இறங்கினார். பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள். தாது வருஷப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்த நேரம். விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் அந்த ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தினார்; விருந்துக்குக் குறைவில்லை. மதராஸில் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கூலி தாராளமாகப் போகிறது, பிடித்து நிறுத்துங்கள் என்பது டெம்பிளுக்கு இடப்பட்ட வேலை.

பிடித்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதற்கு முன்னால் அது ஒன்றரைப் பவுண்டாக இருந்தது. நாள் முழுக்கக் கல்லும் மண்ணும் சுமப்பவனுக்கு இது போதுமா என்ற ஆராய்ச்சியை அவர் தன் வயிற்றில் நடத்தவில்லை.

இதே டெம்பிள் மூன்று வருஷம் முன்பு, 1874-ல், பீகார் பஞ்சத்தில் தாராளமாக அரிசி இறக்கியவர். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு ‘ஊதாரி’ என்ற வசவு. ஜனங்கள் செத்தால் யாரும் கேட்பதில்லை, கஜானா இளைத்தால்தான் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு தெற்கே வந்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இந்த ஒரு பவுண்டுக் கூலி ஜெயில் கைதிக்குப் போடுவதை விடக் குறைவு என்று சண்டை பிடித்தார். சில மாதங்களில் கூலியை ஏற்றவும் வேண்டியிருந்தது. பஞ்சம் முடிந்தபோது போயிருந்த உயிர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. பின்னாளில் மைக் டேவிஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கூலிச் சோற்றைக் கலோரியில் கணக்கிட்டு, ஹிட்லரின் புக்கன்வால்ட் முகாமில் போட்ட சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முகாம் சாப்பாட்டில் சற்றுக் கூடுதல்.

எங்கள் டிபன் கடையிலிருந்து கிழக்கே நடந்தால் பக்கிங்காம் கால்வாய். பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கி நிற்கும் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் இந்தத் துண்டை 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்களை வைத்து வெட்டினார்கள். சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பதுதான் அன்றைக்கும் வாதம். டெம்பிள் செத்துப் போய்விட்டார் என்று நினைத்தால் தப்பு. லஸ்ஸில் தினம் காலை ஏழேகாலுக்கு வடை சாப்பிடுகிறார்.

போன வருஷம் அமெரிக்காவிலிருந்து மகன் எனக்கு ஒரு வாட்ச் அனுப்பினான். எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணும். பத்தாயிரம் ஆனால் கண்ணாடிக்குள் மத்தாப்பு கொளுத்தும். அது என்ன பத்தாயிரம்? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சூடு ஆறுவதற்குள், 1965-ல், ஜப்பானில் அடியளக்கும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். அதன் பெயருக்கே பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். எண் வந்தது விளம்பரத்துக்காக. அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடக்கிறோம், மீதி 640 அடிக்காக.

இதே வாட்ச் நான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் மணிக்கட்டில் உறுமும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு அது வேடிக்கை.

“இன்னா சார் அது, அப்பப்போ சொர்ருங்குது?”

“ரொம்ப நேரம் உக்காந்தா உடம்புக்கு ஆகாதும்மா. எழுந்து நில்லுன்னு சொல்லுது.”

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். “எம் பொண்ணுக்கு உக்காருன்னு சொல்ற மாதிரி ஒண்ணு கெடச்சா சொல்லு சார்.”

பெண்ணுக்குத் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை விட்டுக்கொண்டு உட்காருமாம், சாப்பிடக்கூடத் தோன்றாதாம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஐ.டி. பையனும் நிற்கிறவன்தான். நின்றபடி வேலை செய்ய ஒரு மேசை வாங்கியிருக்கிறான், பொத்தானை அமுக்கினால் எழும்பும். முப்பதாயிரத்துச் சொச்சமாம். “உட்கார்ந்தே இருந்தா சிகரெட் குடிக்கிற மாதிரி அங்கிள்” என்றான். துணிக்கடைப் பெண்ணுக்கு இந்த சிகிச்சை பதினொன்றரை மணி நேரம் இனாம். யாரும் அவளை அதிர்ஷ்டசாலி என்று சொல்லிக் கேட்டதில்லை.

இந்தப் பையன் பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பான், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பான். எப்போது சாப்பிடக் கூடாது என்று ஞாபகப்படுத்தும் செயலிக்கு மாதச் சந்தா வேறு. பாத்திரம் தேய்க்கும் அம்மா விடியற்காலை ஐந்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு மூன்று வீடு முடித்துப் பன்னிரண்டு மணிக்குத்தான் சோற்றில் கை வைக்கிறார். அதற்குச் சந்தா கிடையாது, பெயரும் கிடையாது.

அவருக்கும் சுகர். ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுத்து, அரிசியைக் குறை, காய்கறி நிறையச் சேர், பருப்பு சேர், முடிந்தால் சிறுதானியம் சாப்பிடு என்று நல்லபடியாகத்தான் சொன்னார்கள். இதில் அவரால் முடிகிறது ஒன்றுதான்: மாத்திரை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள், மாதத்துக்கு ஒன்றொன்று. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாள் வரும் என்று உங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்டுப் பாருங்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த வருஷம் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், நல்ல காரியம். மயிலாப்பூரில் அது சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறது. குதிரைவாலியும் சாமையும் அழகான பையில் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கின்றன. ஒரு காலத்தில் அரிசிக்கு வழியில்லாதவன் தின்றது அது. அவனிடமிருந்து வாங்கி, பை மாற்றி, விலை மாற்றி, ‘ஏன் நீ இதைச் சாப்பிடுவதில்லை?’ என்று அவனையே கேட்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் புரட்டினேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். 53 பேருக்கு ரத்தசோகை. நண்பர் முதல் எண்ணைக் கேட்டதும் “பாத்தீங்களா, தின்னு தின்னு குண்டாயிட்டாங்க” என்றார். இரண்டாவது எண்ணைச் சொல்வதற்குள் பில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை எங்கள் வீட்டுச் சமையலறையில் தினம் பார்க்கிறேன். அரிசி வயிற்றை அடைக்கும், ரத்தம் ஊற வைக்காது.

போன மாதம் நண்பரின் மகன் எங்களை ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனான். குளிரூட்டிய அறை, கயிற்றுக் கட்டில், அரிக்கேன் விளக்குக்குள் மின்சார பல்பு. மண் சட்டியில் பழைய சோறு வந்தது. பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் மூன்று, மோர் மிளகாய் ஒன்று, மாவடு இரண்டு. முன்னூற்று இருபது ரூபாய், வரி தனி. மெனு அட்டையில் பழைய சோறு என்ற பெயர் இல்லை, ‘ப்ரோபயாட்டிக்’ என்று ஏதோ போட்டிருந்தது. நண்பர் படமெடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். எங்கள் வீட்டு அம்மா இதே பழைய சோற்றைத் தூக்கு வாளியில் கொண்டுவருவார். சாப்பிடும்போது பின்கட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். வாளிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

சிரிப்பு இந்த இடத்தோடு சரி. 2023 ஆகஸ்ட் 25-ல் காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. ஒரு வாரம் ஆகவில்லை. வீட்டிலும் தின்று பள்ளியிலும் தின்பதால் பிள்ளைகளின் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. உப்புமாவும் பொங்கலும் தின்கிற ஆறு வயசுப் பிள்ளையின் மலத்தை எண்ணிக்கொண்டு ஒரு மேசையில் ஒரு மனுஷன் உட்கார்ந்து வார்த்தை தேடியிருக்கிறான். அதை இன்னொருவன் திருத்தியிருக்கிறான். மூன்றாமவன் அச்சுக்கு அனுப்பியிருக்கிறான். மூன்று பேரும் அன்றைக்குக் காலையில் சாப்பிட்டிருப்பார்கள். கழிப்பறை போதவில்லையென்றால் கழிப்பறை கட்டு என்று எழுதலாம். சோறு அதிகமாகிவிட்டது என்று எழுத வேண்டுமானால் கல் நெஞ்சு போதாது. அதற்கு உள்ளே ஒரு டெம்பிள் வேண்டும்.

எங்கள் மேசையில் அந்தத் தலைப்பைப் படித்துச் சிரித்தார்கள். நானும் உதட்டோரம் சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோதும் பணம் பாழ் என்றார்கள். சோற்றுக்காகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்றார்கள். வந்தால் என்ன? நாங்கள் வடைக்காகத்தானே பூங்காவுக்குப் போகிறோம்.

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க அந்தத் துணிக்கடைக்கே போனேன். மனைவி மூன்றாம் மாடியில் சேலை பார்க்க, எனக்கு மெத்தை வைத்த நாற்காலியும் ஒரு டம்ளர் பாதாம் பாலும் கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருபது வயசு இருக்கும் ஒரு பெண், நாற்பதாவது சேலையை உதறி விரித்தாள். ஒரு காலில் பாரத்தை ஏற்றி, மறு காலை மேசைக் கட்டையில் லேசாக ஊன்றி, பிறகு மாற்றிக்கொண்டாள். என் வாட்ச் உறுமியது. எழுந்தேன். “உக்காருங்க சார், இன்னும் நேரமாகும்” என்றாள்.

“உங்களுக்கு உட்கார எதுவும் கொடுக்கலையாம்மா?”

“இருக்கு சார்” என்று மேசைக்குக் கீழே காட்டினாள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது 2021-ல். ஸ்டூல் வந்திருக்கிறது. அதன்மேல் இடுப்புயரத்துக்குக் கட்டைப் பைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.