அன்று பைசா, இன்று யூனிட்

எங்கள் ரெட்டியார்சத்திரத்தில் கரண்டு பில் என்பது ஆம்பளைகள் பேச்சாக இருந்த காலம் உண்டு. எழுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் எரிந்தது ஒரே ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. அதற்கு வந்த பில்லை யாரும் ஒரு செலவாகவே நினைக்கவில்லை. பயமெல்லாம் கிணற்று மோட்டார் பில்லுக்குத்தான். பழனி ரோட்டு டீக்கடையில் பெரியப்பாவும் அவர் சேக்காளிகளும் உட்கார்ந்தால், யூனிட்டுக்கு எத்தனை பைசா ஏறியிருக்கிறது, மழை இல்லாத வருசத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வெங்காயம் போட்டால் கட்டுமா, பருத்தி போட்டால் கட்டுமா என்றுதான் பேச்சு ஓடும்.

அந்தப் பைசாவுக்காக உயிர்கள் போயிருந்தன. 1970இல் திருப்பூர்ப் பக்கம் பெருமாநல்லூரில், விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். 1972இல் கோயம்புத்தூருக்குள் மாட்டு வண்டிகளைத் திரளாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் விவசாயிகள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கட்டிய விவசாயிகள் சங்கம் எங்கள் பக்கம் வேர்விட்டபோது திண்டுக்கல் தனி மாவட்டமாகவில்லை. மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1978இல் வேடசந்தூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வேடசந்தூர் எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர். செய்தி வந்த அன்றைக்குத் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை.

பெரியப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பில் விஷயத்தில் அவர் அடிக்கடி சொன்ன ஒன்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “ஒருத்தன் கட்டுனா எல்லாரும் தோத்தோம்டா.” பில் கட்டாததற்கு ஜப்தி செய்ய ஆள் வருகிறார்கள் என்றால் யார் வீட்டுக்கு என்று கேட்க மாட்டார்கள். எல்லோரும் போய் நிற்பார்கள். பில் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாகத்தான் வந்தது. அதை எதிர்த்து நின்றது மட்டும் மொத்தமாக.

அம்மாவின் கணக்கு வேறு. அவளுக்குச் செலவென்றால் சீமெண்ணெயும் விறகும். ரேஷன் கடையில் பேரலுக்குப் பக்கத்தில் நின்று, புனலில் நுரை அடங்குகிறவரை பார்த்து, “இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா, நுரைதான் இருக்கு” என்று சண்டை போட்டு வாங்கி வருவாள். அளவைப் பற்றித்தான் சண்டை. இவர்கள் வீட்டுக்கு எதற்குச் சீமெண்ணெய், அங்கேதான் பல்பு எரிகிறதே என்று வரிசையில் நின்ற ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மலிவு விலையில் கொடுப்பதை அரசாங்கத்தின் தயவு என்றும் யாரும் சொல்லவில்லை. கார்டு இருக்கிறது, கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று அறிவித்தன. பெரியப்பா நம்பவில்லை. பழைய பில்களையெல்லாம் ஒரு சணலில் கட்டித் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். “நாளைக்கே பாக்கின்னு கேட்டா என்ன காட்டுறது?” பல வருசம் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. ஊரில் யாரும் அதைச் சலுகை என்று பேசவில்லை. வேடசந்தூரை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது அரசாங்கம் பட்டிருந்த கடன் தீர்ந்த மாதிரி இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிணறு இருந்தவனுக்குத்தான் அந்த உதவி. களையெடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை; குடிசையில் ஒரு விளக்கு மட்டும். தண்ணீரும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கிணறு போர்வெல் ஆனது, நூறு அடிகளில் பேசியவர்கள் ஆயிரம் அடி என்று பேசத் தொடங்கினார்கள். ஆனாலும் அந்த உதவி மட்டும் இல்லாதிருந்தால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற காய்கறியில் எங்கள் ஒன்றியத்தின் பங்கு பாதிகூட இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது மோட்டார் பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு முழுவதும் வீட்டு பில்தான், அதைப் பேசுகிறவர்கள் பெண்கள்.

2006க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டி.வி. வந்தது. 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முன்னால் குத்த வைத்து முதுகு போனவள் என் அம்மா. அந்தக் கிரைண்டரை இலவசம் என்று எளிதாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்திட்டார். எங்கள் தெருவில் பல வீட்டு வெள்ளை ஈ.பி. அட்டையில் கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில் சுழியம் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா அந்த அட்டையை எடுத்து வந்து காட்டினாள். “ஒண்ணும் கட்ட வேணாமாம்ல?”

பிறகு 2022 செப்டம்பர் 10. எட்டு வருசத்துக்குப் பின் கட்டணம் ஏறியது. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய் கட்டின வீடு 1,725 கட்டியது. 100 யூனிட் இலவசம் அப்படியே இருந்தது. அடுத்த நூறு பாதி விலையில், அப்போது யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. ஆனால் 500ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும். அன்றைய கணக்கில் முதல் நூறு போக 400 வரைக்கும் நாலரை ரூபாய், அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 500க்கு மேலே போன யூனிட்டுக்கு எட்டு ரூபாய். 510 யூனிட் ஓடியிருந்தால் பில் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்.

என் தம்பி வீட்டில் இந்தப் பத்து யூனிட்டுக்காகவே ஒரு வாழ்க்கை நடக்கிறது. துணிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் தம்பி மனைவி பால்பாயிண்ட் பேனாவால் மீட்டர் ரீடிங்கை எழுதி வைக்கிறாள். சிவப்பு மையில் எழுதினால் அந்த வாரம் அதிகம். போன கத்திரி வெயிலில் நான் போயிருந்தபோது, “மதினி, இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, முந்நூத்து எம்பது ஓடிருச்சு” என்றாள். அன்றைக்கு ராத்திரியே ஃப்ரிட்ஜை அணைத்து, தோசை மாவை ஈரத்துணி சுற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்துவிட்டாள். பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள். ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் தள்ளி வந்தால் எல்லாம் வீண் என்பது அவள் கவலை. மாதம் ஒருமுறை கணக்கெடுக்கப்படும் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்திருந்தது. ஊரில் பெண்கள் வரிபிசகாமல் ஞாபகம் வைத்திருக்கும் வாக்குறுதி அதுதான்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். லைன் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கிக்கொள்கிறார். அரசு கொடுக்கிற 100 யூனிட் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது, ஈ.பி. ஆபீஸ்களில் கூட்டம் நெரிந்தது. இலவச யூனிட்டைப் பிடுங்கத்தான் இதெல்லாம் என்று ஊர் முழுக்கப் பயம். பிடுங்க மாட்டோம் என்று அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி திரும்பத் திரும்பச் சொன்னார், கெடுவையும் நீட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது: “உங்க பேர்ல எத்தனை மீட்டர் இருக்கு?” பெரியப்பா காலத்தில் இந்தக் கேள்வி ஒருவர் வாயிலும் வந்திருக்காது.

சிலிண்டர் கதையும் இதே திசையில்தான் போயிற்று. 2015 முதல் முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டு, மானியத்தை வங்கிக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுங்கள் என்று அதே வருசம் பிரதமர் கேட்டுக்கொண்டார். 2020இல் யாரும் விட்டுக்கொடுக்காமலேயே பெரும்பாலோருக்கு மானியம் நின்றது. நம் பக்கம் இருபது ரூபாய் சொச்சம் மட்டும் விழுந்தது. என் அத்தை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, பிரிண்ட் போட்டு வாங்கி, அந்த வரியை என்னிடம் விரலால் காட்டினாள். பஸ்ஸுக்கும் டீக்கும் அதைவிட அதிகமாகச் செலவாகியிருந்தது. போராட்டம் என்று தெருவில் ஒருவரும் இறங்கவில்லை. சத்தமில்லாமல் போன உதவிக்கு யாரை எதிர்த்து எங்கே போய் நிற்பது?

2023 ஆகஸ்ட் 30 அன்று சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைந்தது. செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். பதினாறே நாளில் இரண்டு. எங்கள் ரேஷன் கடை வாசலில் மகிழ்ச்சி இருந்தது. போனில் மெசேஜ் வந்த சத்தத்துக்கு முகம் மலர்ந்த பெண்களை நான் பார்த்தேன். அந்த ஆயிரம் அநேகமாக அப்படியே சிலிண்டருக்குப் போயிற்று. ஆனால் எல்லோர் வாயிலும் முதலில் வந்த சொல், “எலக்சன் வருதுல்ல.” மினிமம் பேலன்ஸ் இல்லை என்றும் பழைய கடன் என்றும் சில வங்கிகள் அந்தப் பணத்தில் பிடித்தம் செய்தன, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் எச்சரிக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய காயம் தகுதி என்கிற வேலி. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. கிடைக்காதவர்கள் ஏன் என்று கேட்டு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். வருமானம், நிலம், கார் என்று நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, வீட்டு மின்சாரம் வருசத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. புருசனும் பொண்டாட்டியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை. மாமனார், மாமியார், இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே மீட்டரில் ஏழெட்டுப் பேர் இருக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டத்தான் செய்யும். சேர்ந்து வாழ்வது வசதியின் அடையாளம் இல்லை. எங்கள் பக்கம் அது பெரும்பாலும் தனிக்குடித்தனம் வைக்க முடியாததால்தான்.

அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கிடைக்காதவள் அரசாங்கத்தைத் திட்டவில்லை. “அவ கழுத்துல நாலு பவுன் கிடக்கு, அவளுக்கு மட்டும் எப்படி?” என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்டாள். கிடைத்தவள் கோயிலுக்குப் போகும்போது நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். பெண்களுக்கான இலவசப் பஸ் பயணத்தை 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்று சொன்னார், பிறகு வருத்தமும் தெரிவித்தார். அதே வருசம் இலவசங்கள் நாட்டைக் கெடுக்கின்றனவா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது.

அந்த வருசக் குளிர்காலத்தில் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறி, பிரிட்டன் அரசு ஒவ்வொரு வீட்டு மின் பில்லிலும் 400 பவுண்டு கழித்தது. பணக்காரன், ஏழை என்று பிரிக்கவில்லை. பெரும்பாலோர் மனு எழுதவும் இல்லை. அங்கே இருக்கிற என் சிநேகிதியின் மகள் போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் கூச்சம் எதுவும் இல்லை. பில் ஏறியது, அரசு கொஞ்சம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். என் அம்மா சீமெண்ணெய் வாங்கியது அந்த மாதிரிதான்.

2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கியபோது உரிமைத் தொகைக்கு மறுபடியும் மனு வாங்கினார்கள். எங்கள் தெருவில் விடுபட்ட பெண்கள் தனித்தனியாகப் போகத்தான் கிளம்பினார்கள். தம்பி மனைவி அவர்களை நிறுத்தி ஒரே மினி பஸ்ஸில் ஏற்றினாள். அவளுக்கு ஆயிரம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அவள் போக வேண்டிய அவசியமே இல்லை. காலண்டரில் கணக்கு எழுதிய பழக்கத்தில், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதையும் மனுவோட சேர்த்துக் குடுங்கக்கா” என்றாள். அன்றைக்கு அத்தனை மனுவிலும் அந்தத் தாளின் ஜெராக்ஸ் பின் பண்ணியிருந்தது.