கிழிந்த ‘பொன்னியின் செல்வ’னும் மைதாப் பசையும்: கே.கே. நகர் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடரைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் வீட்டிலேயே தைத்த தொகுப்பே இங்கு ஆராயப்படும் உயிரினம். திருச்சி கே.கே. நகரில் பரண் உள்ள வீடுகளில் இது வசிக்கும். முதுகில் காலிகோ துணி இருக்கும். உள்ளோரத்து எழுத்துகளைத் தையல் விழுங்கியிருக்கும். வந்தியத்தேவன் பாதி வார்த்தையில் நின்றால் மீதியை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். மணியத்தின் ஓவியம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஜன்னல் காணப்படும்.

2. நோய் முதல்

முன்னோர் ராமபாணப் பூச்சியைக் குற்றம் சாட்டினர். பூச்சி அப்பாவி அல்ல. ஆனால் அது தாளின் மூலையை மடக்கி அடையாளம் வைக்காது. அட்டைமேல் காபி டம்ளரை வைக்காது. மலிவுத் தாளில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுகிறது, அமிலம் தாளை நொறுக்குகிறது. மீதிப் பழி முழுதும் இரவல் வாங்கியவரையே சேரும்.

3. சிகிச்சை

இத்துறையில் டேப் கலை, பசைக் கலை என இரு பிரிவுகள் உண்டு. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்வோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டேப் கலையின் ஆதிகுரு, 1930-இல் செலோ டேப்பைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரிச்சர்ட் ட்ரூ. ஒட்டிய அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளில் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும். பிளாஸ்டிக் தனியே உரிந்து விழும். கிழிசல் பழையபடி இருக்கும், கறை உபரி.

பசைக் கலையார் மைதாவைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கட்டி தட்டாமல் கிளறுவர். பூச்சி வராதிருக்க பைண்டர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அதே கரண்டி சாம்பாருக்கும் போகும் வீடுகளுக்கு இவ்வாய்வு அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒட்டுத்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். ஓரத்தில் பிசிறு நின்றால்தான் கிழிசலோடு பிடித்துக்கொள்ளும். பசையைச் சிக்கனமாகத் தடவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்துப் பாரம் ஏற்றுக. மிக்ஸி வந்தபின் வேலையிழந்த அம்மிக்குழவிக்கு இப்படியொரு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. சித்திரை வெயிலை நம்பி மொட்டைமாடியில் காயவைப்பது பெரும்பிழை. வடாம் காயும், தாள் நெளியும். ஓரிரவு நிழலே போதும்.

4. முடிவு

மேற்கண்ட முறையில் ஒட்டிய நூல் ஆயுள் நீட்டிப்புப் பெறுவது உண்மை. ஆனால் அந்த நீட்டிப்பு பசையால் மட்டும் வருவதில்லை.

“மாமி, பொன்னியின் செல்வன் இருக்கா? படிச்சுட்டுத் தர்றேன்.”

“பசை இன்னும் காயலைம்மா.”

நோய் முதலையே வாசலோடு திருப்பி அனுப்பும் இந்த மருந்துக்குச் செலவில்லை. ஐப்பசி மழையில் இது முழு உண்மை. சித்திரையில் ஓரளவு உண்மை.