தொட்டதா, பட்டதா? ஆஃப்சைடு விதிக்கு ஒரு பொம்மனஹள்ளி உரை

கால்பந்தின் 11-ஆம் விதி அளவில் சிறியது. நூற்பா சிறுத்தால் உரை பெருக்க வேண்டும் என்பது நம் மரபு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வாய்த்தது போல இதற்கும் உரையாசிரியர்கள் உண்டு. என்ன, இவர்கள் வாயில் விசில் இருக்கும்.

ஆஃப்சைடில் நிற்பவருக்குச் சக வீரர் பந்தைக் கொடுத்தால் குற்றம். நடுவில் எதிரணி டிஃபெண்டர் ‘வேண்டுமென்றே’ ஆடிய பந்து அவரிடம் போனால் குற்றமில்லை. டிஃபெண்டர் மேல் சும்மா பட்டுத் தெறித்தாலோ, கோலுக்குள் போகவிருந்த பந்தை அவர் தடுக்க அது தெறித்தாலோ பழைய குற்றம் அப்படியே நிற்கும். ஆக, ரெஃப்ரி பார்க்க வேண்டியது காலை அல்ல, மனசை.

களஆய்வுக்குப் பெங்களூரின் பொம்மனஹள்ளியைத் தேர்ந்ததில் ஒரு முறையியல் உண்டு. இங்கே டர்ஃப்களில் நடப்பது ஐவர் ஆட்டம். அதில் ஆஃப்சைடே கிடையாது. நேரடியாகப் பாதிக்கப்படாதவர்களிடம்தானே நடுநிலையான கருத்து கிடைக்கும்? பேகூர் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் பெஞ்சே லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம் ஆனது. பன் டாட்டன்ஹாமின் ஹாரி கேன், கண்ணாடி டம்ளர் லிவர்பூல் டிஃபெண்டர் லோவ்ரன், சர்க்கரை டப்பா அவரது கீப்பர் காரியஸ். 2018 பிப்ரவரி 4, லிவர்பூல்–டாட்டன்ஹாம். ஆஃப்சைடில் நின்ற கேனை நோக்கி வந்த பந்தை லோவ்ரன் வெட்டப் போனார். லேசாக உரசிவிட்டுப் பந்து கேனிடமே போனது. காரியஸ் அவரை வீழ்த்த, ரெஃப்ரி ஜான் மாஸ் பெனால்டி கொடுத்தார்.

“உதைக்கத்தானே போனான், சரியா உதைக்கலேன்னா அது அவன் தலையெழுத்து” என்றார் கார்மென்ட்ஸ் ஷிஃப்ட் முடித்து வந்த தருமபுரிப் பெரியவர்.

“அண்ணா, சில்க் போர்டுல பஸ் நெரிசல்ல கை படறதும் கை வைக்கறதும் ஒண்ணா?”

“கைய நீட்டினவன் நீதானே தம்பி!”

உரைமரபில் இவ்விரண்டும் இரு பள்ளிகள். பெரியவர் பள்ளி 2021 அக்டோபர் 10 அன்று உச்சம் தொட்டது. மிலானில் நேஷன்ஸ் லீக் இறுதி. ஸ்பெயினின் எரிக் கார்சியா விழுந்தடித்துக் காலை நீட்டினார், பந்து நுனியில் பட்டது, ஆஃப்சைடில் இருந்த எம்பாப்பே கோல் போட்டார். ரெஃப்ரி ஆன்டனி டெய்லர், வீடியோ ரெஃப்ரியின் (வார்) பரிசோதனைக்குப் பிறகும், கோல்தான் என்றார். பிரான்ஸுக்குக் கோப்பை. கார்சியா காலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தால் ஆஃப்சைடு கிடைத்திருக்கும்; உழைத்தவருக்குத் தண்டனை, சோம்பேறிக்குப் பரிசு. அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக நிலைபெற்ற இக்கோட்பாடு விளையாட்டுக்கு வந்துசேர அவ்வளவு காலம் ஆனதுதான் வியப்பு.

2022 ஜூலையில் விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி தம்பியின் பக்கம் சாய்ந்தது. பந்து தூரத்திலிருந்து வந்ததா, டிஃபெண்டர் அதைத் தெளிவாகப் பார்த்தாரா, வேகம் அதிகமா, திசை எதிர்பாராததா, உடம்பைச் சரிசெய்ய நேரம் இருந்ததா, தரையில் வந்ததா, காற்றிலா—இவற்றைப் பார்த்துப் பந்து அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா என்று முடிவுசெய்ய வேண்டும். கட்டுப்பாடு இருந்தும் சொதப்பினால் அது வேண்டுமென்றே ஆடியதுதான். அதாவது, மோசமாக ஆடுபவருக்கு மன்னிப்பில்லை. வேறு வழியே இல்லாமல் மோசமாக ஆடுபவருக்கு உண்டு. இவ்வளவையும் ஓடிக்கொண்டே, ஓரிரு நொடியில், ஸ்டேடியமே திட்டும்போது எடைபோட வேண்டும். இந்த அளவுகோலில் கார்சியா தப்பியிருப்பார் என்றே எனக்குப் படுகிறது. கோப்பைக்கு முன்தேதியிட்ட திருத்தம் கிடையாது.

எனவே இவ்வாய்வு முன்வைப்பது: ஒவ்வொரு டிஃபெண்டரும் பந்து வருமுன் தன் நோக்கத்தை இ-ஸ்டாம்ப் தாளில் எழுதி நோட்டரியிடம் சான்று பெறட்டும். ஆஃப்சைடு கணக்குக்கு எதிரணியில் இருவர் போதும் என்று 1925-ல் ஆகிவிட்டதால் சாட்சிக் கையெழுத்தும் இரண்டே. அதற்கு முந்திய வழக்குகளுக்கு மூன்று.