புலியூர் முதல் புலியூர் வரை: ஒரு நிறுத்தவியல் ஆய்வு

கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குகிறவர், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் பயணம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். இது மேலோட்டமான பார்வை. கடலூர் பஸ் ஸ்டாண்டு இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். சிதம்பரத்தின் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். புலியூரில் ஏறியவர் புலியூரிலேயே இறங்கியிருக்கிறார். அப்படியானால் டிக்கெட் காசு எதற்கு என்பதே இவ்வாய்வின் முதல் வினா.

இரண்டு ஊரிலும் புலியாக வருபவர் வியாக்கிரபாத முனிவர். வண்டு தொடுமுன் பூப்பறிக்க, விடியாத இருட்டில் வழுக்காமல் மரமேறப் புலிக்கால் கேட்டு வாங்கியவர். பூப்பறிக்க இத்தனை பிடிமானம் வேண்டுமா என்று நெடுநாள் குழம்பியிருந்தேன். மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்தி, 2010-இல் மறுபடி ஓடவிடும்வரை இந்தத் தடத்து ஜனம் அத்தனையும் பஸ்ஸில்தான் போயிற்று. அந்த நாளில் ஒரு காலை வண்டியின் பின்படியில் ஆலப்பாக்கம் வரை போனேன். ஒரு கால் படியில், மறுகால் ஆகாயத்தில். சிதம்பரம் போகிற வண்டிக்கு அந்த நிலை பொருத்தம்தான் என்றாலும், முனிவர் எதற்குப் புலிக்கால் கேட்டார் என்பது அன்றைக்குத் தெளிந்தது. தலபுராணக்காரர்கள் கோபிக்க வேண்டாம். இது கருதுகோள் மட்டுமே.

இனி, நிறுத்தம் என்பது யாது? நிழற்குடை உள்ள இடமே நிறுத்தம் என்பாரும் உளர். அது பொருந்தாது. நிழற்குடையில் ஆடு நிற்கும். பஸ் இருபது அடி தள்ளி நிற்கும். கண்டக்டர் பெயர் சொல்லிக் கூவுமிடமே நிறுத்தம் என்க. அந்தப் பெயருக்குரிய பொருள் அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இல்லாமல் போனால்தான் பெயர் நிலைக்கிறது என்பது என் துணிபு.

சான்று: சிதம்பரம் வண்டிகேட். வண்டிக்குக் குறைவில்லை, கேட்டைத்தான் நான் பார்த்ததில்லை. கஞ்சித்தொட்டி இன்னொன்று. அங்கே இறங்கிக் கஞ்சி கேட்டால் டீக்கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடங்களுக்கு வழங்கிய பெயர் அது; சென்னை ஸ்டான்லி மருத்துவமனையையும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். பசி போயிற்று, தொட்டி போயிற்று, பெயர் மட்டும் ஆள் இறக்கிக்கொண்டிருக்கிறது. இவ்வகையில் மூத்தது கடலூர் கரையேறவிட்டகுப்பம். கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் 7-ஆம் நூற்றாண்டில் கரையேறினார் என்பது வழக்கு. இறங்கியவர் ஒருவர், அதுவும் ஒரே தடவை. ஆனாலும் பெயர் மாறவில்லை.

வெள்ளைக்காரன் வைத்த பெயர்களுக்குத் தனி உரை வேண்டும். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியவர்கள், போகும்போது கிளைவ் தெரு, லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு எல்லாவற்றையும் இங்கேயே விட்டுப் போனார்கள். கேப்பர் மலை கேப்பர் துரையால் வந்த பெயர். கேப்பை விளைந்த மலை என்று வாதாடிய ஒரு பெரியவரோடு செம்மண்டலம் வரை சண்டையிட்டுத் தோற்றேன். கம்மியம்பேட்டை, கம்மிங் துரையின் பேட்டை என்பர். எனக்கு உடன்பாடில்லை. டவுன் பஸ் கம்மி, ஆகவே கம்மியம்பேட்டை.

கடலூர் ஓ.டி.யோ பெரும் சிக்கல். ஓல்டு டவுன் ஓ.டி., நியூ டவுன் என்.டி. கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்றே நெடுநாள் நினைத்திருந்தார். முதல்முறை வந்த என் அத்தை "ஓ.டி. ஓ.டி. ஓ.டி." என்ற கூவலைக் கேட்டு, இத்தனை பேருக்குமா ஆபரேஷன் என்று பயந்துவிட்டார். அரசு முதுநகர் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. போர்டில் இருக்கிறது, வாயில் இல்லை.

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 1975-இல் தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்து வண்டிகள்தான் இங்கே ஓடின. ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் பக்தர்களை ஏற்றிக்கொண்டு போய் நடராஜர் ஊரில் இறக்கியவர் பெரியார். 1993-இல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது இந்தப் பக்கம் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆயிற்று. ஆக, நாலு வருஷம் வள்ளலாருக்குள் பெரியார் ஓடினார். 1997-இல் தலைவர் பெயர்களை எல்லாம் எடுத்தபோது இருவரும் ஒரே ஆண்டில் இறக்கிவிடப்பட்டனர்.

கடைசியாக இலக்கணம். நன்னூலார் ஆகுபெயரை வகுத்தபோது பஸ் இல்லை. இருந்திருந்தால் எடுத்துக்காட்டுக்கு அலைந்திருக்க மாட்டார். "புதுச்சத்திரம் எந்திரி, பெரியப்பட்டு உள்ள போ, முட்லூர் யாரு, பி-யா சி-யா?" என்பது கண்டக்டர் வாக்கு. வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இனிஷியல் சேர்ப்பதுபோல் பி.முட்லூர், சி.முட்லூர். இங்கே இடம் ஆளுக்கு ஆகி வந்தது. ஒருமுறை ஆலப்பாக்கம் வாந்தி எடுத்தது. பெரியப்பட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தது. இரண்டு புதுச்சத்திரங்கள் ஜன்னலுக்குச் சண்டை போட்டன. பெயர், சாதி, உத்தியோகம் எதுவும் யாரும் கேட்கவில்லை.

நானும் பலமுறை வண்டிகேட் ஆகியிருக்கிறேன். அப்படி ஒருநாள் சில்லறை இல்லை என்று டிக்கெட்டின் பின்னால் 3 என்று எழுதிக் கொடுத்தார் கண்டக்டர். இறங்கி நாலடி நடந்த பிறகு, "வண்டிகேட், பாக்கி வாங்கிட்டியா?" என்ற குரல் கேட்டது. திரும்புவதற்குள் இரண்டு விசில் கொடுத்துவிட்டார்கள். அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது.